முகத்து மேல ஒரு மலை

இந்த எபிசோடை ஸ்டுடியோவில் பதிவு பண்ணலை. ஏற்காடு பக்கம் செம்மநத்தத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுறேன். நடுவுல சேவல் கூவினா பொறுத்துக்கோங்க.

காபித் தோட்டம் பற்றிப் பேசத்தான் வந்தேன். ஆனா இந்த வீட்டுத் தாத்தா நேத்து ஒரு தகர டப்பாவைத் திறந்து, கறுத்துப்போன ஒரு செப்புக்காசை என் கையில வெச்சார். கம்பெனி முத்திரை போட்ட கால் அணா. 1835னு வருஷம் மட்டும் லேசா தெரியுது. "அழுக்கா இருக்குதே, புளி போட்டுத் தேச்சுத் தரட்டா கண்ணு?"ன்னார். நான் கிட்டத்தட்டக் கத்திட்டேன். "வேணாம் தாத்தா!"

ஏன் அப்படிக் கத்தினேன்? அதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல நாசிக் போவோம். 1906இல் அந்த மாவட்டத்துல ஜோகல்தெம்பிங்கற ஊர்ல ஒரு புதையல் கிடைச்சது. எல்லாமே சின்னச் சின்ன வெள்ளிக்காசு. மொத்தம் 13,000க்கும் மேல. நகபானன்னு ஒரு சகர் அரசன் வெளியிட்டவை. ஒரு பக்கம் அவனோட முகம், சுத்தி கிரேக்க எழுத்து. மறுபக்கம் அம்பும் வஜ்ராயுதமும், பிராமியிலும் கரோஷ்டியிலும் அவன் பேர். மேற்கிந்தியாவை ஆண்ட அரசன் காசுல கிரேக்க எழுத்து எப்படி வந்துச்சுன்னு கேட்டா, வடமேற்கை ஆண்ட இந்தோ-கிரேக்கர்கள் விட்டுப்போன பழக்கம் அது.

விஷயம் அது இல்லை. அந்தக் காசுகள்ல 9,000க்கும் மேல நகபானன் முகத்து மேலேயே வேற ஒரு சின்னம் அடிச்சிருக்கு. ஒரு பக்கம் மூணு வளைவு வெச்ச மலை, மறுபக்கம் உஜ்ஜயினிச் சின்னம். கூடவே கௌதமிபுத்திர சாதகர்ணிங்கற சாதவாகன அரசனோட பேர். ஆனா அடி சரியா விழலை. மலைக்கு அடியில் பழைய அரசனோட மூக்கு தெரியுது. ஓரத்துல கிரேக்க எழுத்து ரெண்டு மூணு ஒட்டிக்கிட்டு இருக்கு.

இது எப்படி நடக்குது? காசு அடிக்க உலோகத்தை உருக்கி, சரியான எடையில வில்லை வில்லையா வார்க்கணும். அப்புறம் ரெண்டு அச்சுக்கு நடுவுல வெச்சு சுத்தியலால ஒரே போடு. இதுல நேரம் தின்னுற வேலை வில்லை தயாரிக்கிறதுதான். எதிரியோட காசு ஏற்கெனவே சரியான எடையில கையில இருந்தா? அதையே வில்லையா வெச்சு அடிச்சிடலாம். அடி பலமா விழலைன்னா பழைய உருவம் முழுசா அழியாது.

நம்ம காலத்துலயும் இதே கதை உண்டு. பிரிவினைக்கு அப்புறம் 1948இல் பாகிஸ்தானுக்குப் புது நோட்டு தயாராகலை. அதனால இந்திய ரிசர்வ் வங்கி நோட்டு மேலேயே பாகிஸ்தான் அரசுன்னு அச்சடிச்சுப் புழக்கத்துல விட்டாங்க.

சரி, மூக்கு தெரிஞ்சா என்ன? அங்கதான் வரலாறே இருக்கு. அடியில இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு. இதை யாரும் மாத்திச் சொல்ல முடியாது. நாசிக் பாண்டவலேணி குகையில கௌதமிபுத்திரனோட அம்மா கௌதமி பலஸ்ரீ வெட்ட வெச்ச கல்வெட்டு இருக்கு. நகபானன் பிறந்த சகராத வம்சத்தையே என் மகன் வேரறுத்தான்னு சொல்லுது. அம்மா மகனைப் பத்திக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க, இல்லையா? ஆனா இந்த விஷயத்துல சாட்சிக்கு 9,000 காசு வந்து நிக்குது.

கிரேக்கச் செப்புக்காசுகள்லயும் இப்படித்தான். சிசிலித் தீவுல சைராகூஸ் நகரம் வெளியிட்ட கனமான செப்புக்காசு மேல, கி.மு. 4ஆம் நூற்றாண்டுல மத்த ஊர்கள் தங்கள் அச்சைப் போட்டாங்க. இந்தோ-கிரேக்கர்கள்ல அப்பலோடோட்டஸ் காசு மேல யூக்ரடைடிஸ் அடிச்ச செப்புக்காசுகள் உண்டு. இந்த அரசர்கள் முப்பதுக்கும் மேல இருந்தாங்க. ஆனா பல பேரைப் பத்தி எந்தப் புத்தகத்துலயும் ஒரு வரி கிடையாது. யாருக்கு அப்புறம் யாருன்னு கண்டுபிடிக்க இப்படி அச்சு மேல அச்சு விழுந்த காசு பெரிய துணை.

தமிழ்நாட்டுல நடந்தது வேற மாதிரி. 1898இல் புதுக்கோட்டை பக்கம் 501 ரோமத் தங்கக்காசு கிடைச்சது. பெரும்பாலானதுல பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளியால ஒரு வெட்டு. ஏன் வெட்டினாங்கன்னு ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கறாங்க. மறுபடி புழங்கக் கூடாதுன்னு வெட்டினாங்கங்கறது ஒரு கருத்து. அங்க நாசிக்ல எதிரி முகத்து மேல தன் பேரைப் போட்டுப் புழங்க விட்டாங்க. இங்க முகத்தை வெட்டி வெச்சுட்டாங்க. ரெண்டையும் நாம படிக்க முடியுதுன்னா, இடையில யாரும் தேய்க்கலை, உருக்கலை. அதான் காரணம்.

இப்போ என் பாவமன்னிப்பு. காலேஜ் படிக்கும்போது ஒரு பழைய செப்புக்காசு வாங்கினேன். ஃபோட்டோ எடுத்தேன். அப்புறம் எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுப் பளபளன்னு தேய்ச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நண்பன் அந்த ஃபோட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, "உருவத்துக்கு அடியில வேற எழுத்து மாதிரி ஏதோ தெரியுதேடா, காசை எடு"ன்னான். எடுத்தேன். வழவழன்னு இருந்தது. அந்த எழுத்து இருந்த இடத்துல இப்போ செப்பு மட்டும்தான். மங்கலான ஒரே ஒரு ஃபோட்டோவை வெச்சு யாராலும் படிக்க முடியலை. எத்தனையோ காலம் மண்ணுலயும் பெட்டியிலயும் தாக்குப்பிடிச்சதை நான் கால் மணி நேரத்துல முடிச்சுட்டேன்.

அதனால உங்க வீட்டு டப்பாவுல பழைய காசு இருந்தா, தேய்க்காதீங்க. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேணாம். ஓரத்தைப் பிடிச்சு எடுங்க. பக்கவாட்டுல வெளிச்சம் விழற மாதிரி வெச்சு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க. எடையையும், அது யார்கிட்ட இருந்து, எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னும் எழுதி வைங்க. மண்ணுல புதையலா கிடைச்சா சொல்லாம அப்படியே வெச்சுக்கக் கூடாது. 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். சென்னையில இருக்கறவங்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயப் பிரிவை ஒருநாள் போய்ப் பாருங்க.

தாத்தாகிட்ட இதெல்லாம் சொன்னேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல அடியில யாராவது இருக்காங்களா?"ன்னார். இல்லை தாத்தா, இது சாதாரணக் கால் அணாதான், நிறையப் பேர் வீட்ல இருக்கும்னேன். "இருந்தா என்ன, எங்கப்பா கொடுத்தது"ன்னு சொல்லி, தேய்க்காமலே டப்பாவுல போட்டு மூடிட்டார்.

அடுத்த எபிசோடுல நிஜமாவே காபித் தோட்டத்துக்குப் போவோம்.