இனிப்பு நீர் கண்டவரைப் பேணும் முறை
(தோட்டக் கிளையின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இனிப்பு நீரைப் பற்றிப் பேசும்படி செயலாளர் எங்களைக் கேட்டுக்கொண்டார். கணையம் எங்கே இருக்கிறது, இன்சுலின் எப்படிச் சுரக்கிறது என்று படம் போட்டுக் காட்ட நாங்கள் வரவில்லை. அந்தப் படங்களைக் கிளினிக் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நோய் கண்டவர் வீட்டில் இருக்கிறார். நாளை விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகிறார். அவரை அருகிலிருந்து பேணுவது யார்? எப்படிப் பேணுவது? இதுதான் நம் பேச்சு.

தாதி என்றவுடன் வெள்ளை உடுப்பு நினைவுக்கு வருகிறது. அந்தத் தாதி நோயாளியை சில மாதங்களுக்கு ஒரு முறை, சில நிமிடம் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் தாதி யார்? வீட்டில் மனைவியும் மகளும். காட்டில் அடுத்த நிரையில் வெட்டுகிறவர். பெரட்டில் பெயர் கூப்பிடும் மண்டோர். செக்குரோல் எழுதும் கிராணி. இவர்கள்தான் அவருக்குத் தாதிகள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களும் இவர்கள்தான்.

இது யாரோ ஒருவருக்கு வரும் வியாதியுமல்ல. மலேசிய சுகாதார அமைச்சு 2019-ல் எடுத்த ஆய்வில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது. 2023-ல் அது 15.6. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். 2019 கணக்கில் இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். நோய் இருந்தும் அது தமக்கு இருப்பதே தெரியாதவர் பலர்.

இனி, எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட மருந்தகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய பால்வெட்டுக்காரர் ஒருவர் இனிப்பு நீருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர். இளம் வயதில் கொஞ்சம் குடித்தவர், பிறகு விட்டுவிட்டார். ஒரு நாள் காலை ஏழு மணிவாக்கில் நிரையின் நடுவே நின்று தடுமாறினார். பேச்சுக் குழறியது. வேர்த்துக் கொட்டியது. வெட்டவேண்டிய மரத்தை விட்டுவிட்டு வெட்டிய மரத்தையே மறுபடி வெட்டப் போனாராம். "நேற்றுப் போட்டது இன்னும் இறங்கவில்லை" என்றார் மண்டோர். ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைய சம்பளமும் போயிற்று. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறை அவர் கீழே விழுந்து, கையிலிருந்த கத்தி முன்கையைக் கிழித்துவிட்டது. அப்போதுதான் எங்களிடம் தூக்கி வந்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் மிகமிகக் குறைவு!

குடியுமில்லை, ஒன்றுமில்லை. மாத்திரை உறையின் மேல் நாங்கள்தான் "காலையில் ஒன்று" என்று எழுதிக் கொடுத்திருந்தோம். எங்களுக்குக் காலை என்றால் எட்டு மணி, பசியாறும் நேரம். அவருக்குக் காலை என்றால் நாலரை மணி. ஒரு கிளாஸ் வரக்காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெட்டி முடித்துப் பசியாற உட்காரும்போது மணி ஒன்பதரை. அந்த ஐந்து மணி நேரமும் வெறும் வயிற்றில் மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மேடு பள்ளம் ஏறி இறங்கும் உடலுழைப்பும் தன் பங்குக்கு இறக்கியிருக்கிறது. நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அவரை நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவர் மனைவி அன்று எங்களைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா, குடிகாரன் பொண்டாட்டின்னு மூணு மாசமா லயத்துல பேச்சு வாங்குனேனே, அதுக்கு மருந்து இருக்கா?" எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே தோழர்களே, கிளினிக்கில் மாத்திரை வாங்கும்போது உங்கள் கடிகாரத்தைச் சொல்லி வாங்குங்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் "சாயா மாக்கான் பூக்குல் செம்பிலான்" என்றாவது சொல்லுங்கள். கிளிக்லாசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கக் கூடியவை. சாப்பாட்டோடு சேர வேண்டியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்த அபாயம் குறைவு. ஆனால் அதையும் உணவோடுதான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். நேரத்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் டாக்டர் வேலை. நீங்களாகப் பாதியாக உடைத்துப் போட வேண்டாம்.

இன்னொன்று. தைராய்டு சுரப்பி குறைவாய் வேலை செய்கிறவருக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு நேர் எதிர். அதை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பியோ பலகாரமோ தொட வேண்டும். அதற்கு நாலரை மணி பொருத்தமான நேரமே. இரண்டு நோயும் உள்ள அம்மாக்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். இரண்டு உறையிலும் "காலையில் ஒன்று" என்று எழுதியிருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? தைராய்டு குறைந்தவருக்கு உடல் கனக்கும், குளிரும், கை கால் ஓடாது. அவருக்கு நம் ஜனங்கள் வைக்கும் பெயர் சோம்பேறி! ஒருவருக்குக் குடிகாரன் பட்டம், இன்னொருவருக்குச் சோம்பேறிப் பட்டம். பட்டம் கொடுப்பதில் மட்டும் நாம் தாராளம்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று எப்படி அறிவது? வேர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி. பிறகு கண் மங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். கருவியில் 4-க்குக் கீழே இருந்தால் இறக்கம்தான். காட்டில் கருவிக்கு எங்கே போவது? இறக்கம் என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் செய்யுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியவில்லையென்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ கொடுத்து உட்கார வையுங்கள். தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மாத்திரையால் வந்த இறக்கம் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். வயதானவரானால் தெளிந்த பின்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதே நல்லது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்குக் கூப்பிடுங்கள்.

நோய் கண்டவர் ஒவ்வொருவரும் சட்டைப் பையில் ஒரு சீனிப் பொட்டலம் வைத்திருக்க வேண்டும். நனையாமல் பிளாஸ்டிக்கில் கட்டி வைக்க வேண்டும். அது இருக்கும் இடம் பக்கத்து நிரைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு இனிப்பு நீர்" என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

அடுத்தது கால். நாள்பட்ட இனிப்பு நீரில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப் போகும். வலித்தால் அல்லவா மனிதன் பார்ப்பான்? ஆணி தைத்தாலும் தெரியாது. பூட்ஸுக்குள் குச்சி கிடந்து நாள் முழுக்க உறுத்தினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருக்குமாதலால் புண் ஆறாது. அழுகும். பிறகு காலை எடுக்க வேண்டியதுதான். காலில்லாதவர் எந்த நிரைக்குப் போவார்?

பனியிலும் சேற்றிலும் நிற்பது நம் தொழில். ஆகவே வேலை விட்டு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறியாமல் சுத்தம் செய்து மூடி வைக்க வேண்டும். பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் வேறொருவர் பார்ப்பது மேல். நோயாளியின் கண்ணே மங்கியிருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். எறும்பு கடித்த தழும்பைக்கூட விடமாட்டார்கள்!

பாசத்தால் செய்யும் கெடுதலும் உண்டு. கால் மரத்துப் போயிற்று என்று சொன்ன கணவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார் ஓர் அம்மா. அவர் கைக்குச் சூடு பொறுத்தது; துணியை அப்படியே காலில் சுற்றி வைத்தார். கணவருக்குச் சூடே தெரியவில்லை. மறுநாள் தோல் கொப்பளித்து உரிந்துவிட்டது. இன்னொருவர் காலில் காய்த்துப் போன தோலைப் பால் வெட்டும் கத்தியால் சீவிக்கொண்டார். மரத்தின் பட்டையைக் காயம் படாமல் வெட்டுகிற கைதான், தன் காலில் தவறிவிட்டது. ஒத்தடமும் வேண்டாம், சீவலும் வேண்டாம். கொப்புளமோ புண்ணோ கண்டால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில், திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைக்கவும். பனிக்கட்டி உறையும் இடத்தில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். திறந்து உபயோகிக்கும் மருந்து, வெயில் படாத குளிர்ந்த மூலையில் நாலு வாரம் தாங்கும். தகரக் கூரைக்கடியிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்காதீர்கள். காய்ச்சல் வந்து சாப்பிட முடியவில்லை என்றால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. அந்த நேரத்தில் சர்க்கரை ஏறவே செய்யும். வாந்தி, ஆழமான மூச்சு, மூச்சில் பழ வாசனை, அரைமயக்கம் இவை கண்டால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

பசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜாமு என்றும் மூலிகை என்றும் சொல்லி விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை அடிக்கடி பிடிபட்டிருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்துவிடும். அதற்கு மயங்காதவர் யார்? ஆனால் மாதக் கணக்கில் சாப்பிட்டால் முகம் உருண்டையாக வீங்கும், தோல் மெலிந்து கன்றும், சர்க்கரை ஏறும். உடம்பு தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் பயந்து போய்த் திடீரென்று விட்டாலும் ஆபத்து; மயங்கி விழுந்து உயிருக்கே மோசமாகலாம். நீண்ட நாள் சாப்பிட்டவர் அந்தப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டோடு சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். ஐந்து வருடத்துக்குக் குறைந்தால் 18. அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி முதல் அந்த 60 நாளும் தனிக்கணக்கு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காவிட்டால் வேலைக்கு வராதவர் என்றே எழுதிவிடலாம். மயங்கிக் கிடப்பவர் எப்படித் தெரிவிப்பார்? பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் சோறு.

கிளைச் செயலாளரிடம் நாங்கள் இரண்டு கோரிக்கைகள் கொடுத்திருக்கிறோம். பால் கொட்டகையின் முதலுதவிப் பெட்டியில் சீனியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்க வேண்டும். இனிப்பு நீர் கண்டவர் ஏழு மணிக்குக் கத்தியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பசியாறினால் அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. மரத்துக்குப் பால் ஓட நேரம் கொடுக்கிறோமே, மனிதன் சாப்பிடப் பத்து நிமிடம் கொடுக்கக் கூடாதா? நிர்வாகத்தோடு பேசிவிட்டு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மறக்காமல் கேளுங்கள்.

டிரஸர் ஐயா கருவியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வரிசையாகப் போய் விரலை நீட்டுங்கள். கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.