சின்னக் கட்சிதான், தோழர்களே!

(பாடியில் நடந்த மே தினப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

மே தினமான இன்றைக்கும் ஷிப்டு முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் காண்ட்ராக்ட் தோழர்களே! உங்களுக்கு என் முதல் வணக்கம்.

"உங்களுக்கு எத்தனை சீட்டு?" என்று நம்மைக் கேட்கிறார்கள். டி.வி. விவாதத்திலும் கேட்கிறார்கள், எம்.டி.எச். ரோட்டு டீக்கடையிலும் கேட்கிறார்கள். சீட்டை எண்ணிக் கட்சியை எடைபோடும் அந்தக் கனவான்களுக்கு ஒரு கட்சியின் கதையைச் சொல்கிறேன்.

1923 மே 1. சென்னையில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொரு கூட்டம். பி அண்டு சி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளி குண்டடி பட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம் அது. கூட்டியவர் ம. சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். கைநிறையச் சம்பாதித்த வக்கீல். 1921-ல் ஒத்துழையாமைப் போராட்டத்தில் தன் வக்கீல் அங்கியைத் தீயில் போட்டவர். 1922 டிசம்பரில் கயா காங்கிரசில், அத்தனை பெரிய தலைவர்கள் நடுவே, நான் கம்யூனிஸ்ட் என்று எழுந்து நின்று சொன்னவர். அன்றைக்கு அவருக்கு வயது 62! நாம் ஓய்வூதியத்துக்கு மனு எழுதும் வயதைத் தாண்டி, அந்த மனிதர் கட்சி தொடங்கினார். அதுதான் இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி.

இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியது அந்தக் கட்சி. மே தினத்துக்கு விடுமுறை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 'தொழிலாளன்' என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தியது. அந்தக் கட்சி எந்தச் சட்டசபையிலும் உட்கார்ந்ததில்லை. நீண்ட நாள் வாழவும் இல்லை. மறு வருஷமே கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தது வெள்ளை அரசு. அற்பக் கட்சி என்றால் அந்தச் சர்க்கார் எதற்காக அஞ்சியது?

அவர் அடங்கினாரா? 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928-ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், பத்தாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்து, 1930-ல் எழுபது வயதில் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

அந்தக் கடற்கரைத் தீர்மானம் என்ன ஆயிற்று? 1967-ல் அண்ணா ஆட்சியில் மே தினம் விடுமுறை ஆயிற்று. 44 வருஷம் தோழர்களே! கட்சி போய்விட்டது, கோரிக்கை போகவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எட்டு மணி நேரத்துக்காகச் சிகாகோவில் தூக்குமேடை ஏறிய தொழிலாளிக்கு நாம் செய்யும் மரியாதையா அது? அன்றைக்கு நமது இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சேர்த்து அந்த அவையில் இருந்தவர்கள் நாலே பேர். எதிர்த்தார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். வெளியே சங்கங்கள் திரண்டன. மே 1 அன்று, இந்தியாவின் முதல் மே தினத்துக்குச் சரியாக நூறு வயது நிறைந்த நாளில், அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். சீட்டுக் கணக்குக்காரர்களே, இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

சென்னைக் கலெக்டர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் டெல்லியில் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்பாகச் சுருக்கி, 300 பேருக்குக் குறைவான ஆலையை அரசு அனுமதி இல்லாமலே மூடலாம் என்று எழுதிவிட்டார்கள். முன்பு அந்த வரம்பு 100. அம்பத்தூர் எஸ்டேட்டில் 300 பேர் வேலை செய்யும் கம்பெனி எத்தனை? பெரும்பாலானவை சின்னப் பட்டறைகள். அடி விழுவது நம் தலையில்தான்.

நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஒன்று சொல்கிறேன்; கோபித்தாலும் பரவாயில்லை. ஒரே மெஷினில் நீங்களும் காண்ட்ராக்ட் தோழரும் நிற்கிறீர்கள். உங்களுக்கு ஒரு சம்பளம், அவருக்கு ஒரு சம்பளம். அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்பதால் சங்கத்தின் கதவு அவருக்குச் சாத்தியே இருக்கிறது. உழவனையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே கொடியின் கீழ் அழைத்த சிங்காரவேலரின் பெயரைச் சொல்லிக்கொண்டு இப்படிச் செய்யலாமா? கூடாது. நாளைக் காலை கேட்டுக்குள் நுழையும்போது உறுப்பினர் படிவத்தைக் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் பக்கத்தில் நிற்கும் தோழரின் பெயரை முதலில் எழுதுங்கள்.