கந்தோருக்கும் ஒரு வட்டை விதானை



கல்முனைப் பகுதி வேளாண்மைக்காரருக்கு வட்டை விதானை யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் கல்லோயா நீர் வரும்போது எவருடைய வயலுக்கு எப்போது பாய்ச்சுவது என்று முறை வைப்பவர் அவர். அவர் இல்லையேல் தலைமடை வயல் நிரம்பி வழியும். கடைமடையில் பயிர் கருகும். நமது கந்தோர்களின் இணைய இணைப்புக்கும் அத்தகைய விதானை ஒருவர் வேண்டும் என்பதை என் பிழை ஒன்றினாலேயே கற்றேன்.

பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழி விண்ணப்பிக்கும் இறுதி நாள் அது. மாணவி ஒருத்தி தந்தையுடன் எமது பாடசாலைக் காரியாலயத்தில் அமர்ந்திருந்தாள். படிவம் நகரவே இல்லை. தேடிப் பார்த்தால், காவற் கமராக்களின் பதிவுகளை மற்றொரு கணனி வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது! பகலில் அனுப்புமாறு பணித்தவன் நானே. முடிவில் ஓர் ஆசிரியையின் கைப்பேசி வழியாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தந்தையின் முகத்தை நான் மறக்கவில்லை.

பெரிய இணைப்பாக வாங்கிவிட்டாற் போதாதா எனலாம். போதாது. பெருங்கோப்பு, கிடைக்கும் இடத்தையெல்லாம் நிரப்பும் இயல்புடையது. தொலைபேசிப் பேச்சோ அப்படியன்று. ஒரு திசைக்கு ஏறத்தாழ 90 கிலோபிட் அதற்குப் போதும். ஒரு மெகாபிட்டுக்குள் பத்துப் பேர் பேசலாம். ஆனால் குரல் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேற்பட்டாற் பேச்சுத் தடுமாறத் தொடங்கும். ஆகவே எது பெரிது என்பதன்று, எது காத்திருக்க மாட்டாது என்பதே கேள்வி.

இதற்கென 1998 ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, இணையத்திற் செல்லும் ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் 6 பிட் இடத்தில் அடையாளம் இடலாம். 64 அடையாளங்களுக்கு அங்கே இடமுண்டு. குரலுக்கு வழக்கமாக இடுவது 46. நமது வாசலைத் தாண்டிய பின் அவ்வடையாளத்தைப் பொது இணையம் மதிக்கும் என்று நம்பியிருக்கலாகாது. எனினும் நெரிசல் பெரும்பாலும் நமது வாசலிலேதான்.

இணைப்பைச் சீர்செய்ய வந்த தம்பி, "சேர், உங்கட கணனிய முதலாவதா வைக்கட்டா?" என்றார். ஒரு கணம் ஆசைதான்! பதவிக்கு முறை வைத்தால் விதானை எதற்கு? முதலிற் குரல், அதற்கும் ஓர் எல்லையுடன், அடுத்துப் படிவங்கள், பின்னர் மின்னஞ்சல். கடைசியிலுள்ள கோப்புகளுக்கும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினோம். கடைமடை அடியோடு காயலாகாதல்லவா?

கமராப் பதிவுகள் இப்போது இரவு பத்து மணிக்குப் பிறகே புறப்படுகின்றன.