புகை போக ஒரு வழி, காத்து வர ஒரு வழி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படிச்சவள். அடுப்படிதான் எனக்குத் தெரிஞ்ச இடம். அதனால அடுப்படிப் புகையைப் பத்தியே பேசுறேன்.

எங்க மாமியார் நாற்பது வருஷத்துக்கு மேல விறகடுப்புல சமைச்சவங்க. புகையிலையைத் தொட்டதே இல்லை. ஆனா மழைக்காலம் வந்தா ராத்திரி பூரா இருமல், நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். வீட்டுக்குள்ள எரிக்கிற விறகு, வறட்டி, மண்ணெண்ணெய்ப் புகையால 2020-ல் மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அடுப்புக்கிட்ட நிக்கிற நாமும், நம்ம இடுப்புல இருக்கிற பிள்ளையும்தான் அந்தப் புகையை அதிகம் குடிக்கிறோம்.

"இப்பதான் கேஸ் வந்தாச்சே"ன்னு கேட்பீங்க. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் இன்னும் விறகுதானே எரிக்கிறோம்? கேஸ் அடுப்பிலும் மிளகாய் நெடி, எண்ணெய்ப் புகை, வெக்கை எல்லாம் உண்டு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. நாம என்ன எரிக்கிறோம்? எந்தச் சுவர் வெளிப்பக்கம் இருக்கு? காத்து எது வழியா உள்ளே வரும்?

விறகடுப்புன்னா, அடுப்புக்கு மேல கூண்டு வச்சு, புகைக்குழாயைக் கூரைக்கு மேல ரெண்டு மூணு அடி உயரத்துக்குக் கொண்டுபோகணும். மழை இறங்காம மேலே தொப்பி வேணும். ஓலைக்கூரையில சூடான தகரக்குழாய் படவே கூடாது. குழாயில கரி அடைச்சா புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும், அதனால அடிக்கடி தட்டிச் சுத்தம் பண்ணணும்.

கேஸ் அடுப்புன்னா, நம்ம வீடுகளுக்கு எக்ஸாஸ்ட் ஃபேனே பெரும்பாலும் போதும். சமையலறைக் காத்து ஒரு மணி நேரத்துல 15 தடவையாவது மாறணும்னு கணக்கு. 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம் இருந்தா 800 கன அடி. அதுக்கு மணிக்குச் சுமார் 340 கன மீட்டர் இழுக்கிற ஃபேன் வேணும். அந்த எண் டப்பாவிலேயே போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க. 40 வாட் ஃபேன் தினம் 3 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட்தான் ஆகும்.

ஃபேனை அடுப்புக்குப் பக்கத்துல, வெளிச்சுவர்ல, உயரத்துல மாட்டணும். காத்து எதிர்ப்பக்கத்துல இருந்து வரணும். ஃபேனுக்கு ஒட்டின ஜன்னலைத் திறந்து வச்சா, அந்த ஜன்னல் காத்தையே ஃபேன் இழுக்கும், புகை அடுப்பு மேலேயே நிக்கும். எல்லாத்தையும் மூடி வச்சாலும் ஃபேன் இழுக்காது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்புக்கிட்ட பிடிச்சுப் பாருங்க, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சிரும்.

மின்சாரச் சிம்னி வாங்கறவங்க, குழாய் வெளியே போகுதான்னு கேளுங்க. குழாய் இல்லாதது எண்ணெயையும் வாடையையும் கொஞ்சம் வடிகட்டிட்டு, அதே காத்தைத் திருப்பி வீட்டுக்குள்ள விடும். வெக்கை அப்படியே இருக்கும். விறகடுப்புக்கு மேல இதை மாட்டவே கூடாது. வடிகட்டியில எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தா தீப்பிடிக்கும், கழுவிக்கிட்டே இருக்கணும்.

முக்கியமா ஒண்ணு. சமையல் கேஸ் காத்தை விடக் கனமானது, தரையோட படியும். கசிஞ்ச வாடை வந்தா ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, பொறி பறந்தா போச்சு. ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, எல்லாரும் வெளியே வாங்க.

சகோதரிகளே, சுவர் எழும்பும்போதே ஒரு வெண்டிலேட்டர் விடச் சொன்னா செலவு கொஞ்சம்தான். கட்டி முடிச்சப்புறம் உடைச்சா செலவு ரெண்டு மடங்கு. ஆனா வீடு கட்டும்போது வாசலுக்கும் பூசை அறைக்கும் இடம் பார்க்கிறாங்க, அடுப்படி மிச்ச மூலைக்குப் போயிடுது. தினமும் அங்கே நிக்கிறது நாமதான். கொத்தனார்கிட்ட நாமே போய்ச் சொல்லணும்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். மாடு வாங்க, கடை வைக்கக் கடன் கொடுக்கிற மாதிரி, புகைக்குழாய்க்கும் ஃபேனுக்கும் சின்னதா ஒரு உள்கடன் கொடுக்கலாம்னு ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடணும். இது வருமானம் தராத கடன்னு யாராவது சொன்னா, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு மிச்சம்னு கணக்குப் பார்க்கச் சொல்லுங்க.