கழிவு எருவாகும் வழி



மொழி மன்றத்தின் மேடையில் ஆலைக் கழிவைப் பற்றி உரையாற்றுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கழிவு, எரு என்னும் இரு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவே இன்றைய உரையின் பொருள். அத்தொலைவை அறியாது ஒன்றின் பெயரை மற்றொன்றுக்குச் சூட்டினால் ஆறு கெடும். ஆற்றங்கரையில் வாழ்வோரும் கெடுவர்.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பேராக் மாநிலமெங்கும் பால்மரத் தோட்டங்கள் பரவின. நம் முன்னோரின் உழைப்பும் அவற்றோடு பரவியது. பாலில் அமிலம் சேர்த்து உறைய வைத்துத் தகடாக உருட்டியபின் எஞ்சும் நீர் வாய்க்காலில் ஓடும். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவ்வாய்க்காலை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டே கடந்ததுண்டு. அது சென்று கலந்த ஓடையில் மீன் இல்லை. ஆயினும் அதன் கரையில் மட்டும் புல் கரும்பச்சையாய்ச் செழித்து நின்றது. ஒரே நீர் மீனைக் கொன்றது, புல்லை வளர்த்தது. இஃது எவ்வாறு என்று வினவ அன்று நமக்குத் தெரியவில்லை.

விடை எளிது. அந்நீரில் புரதமும் சர்க்கரையும் உப்புகளும் உள்ளன. அவற்றை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிலுள்ள உயிர்வளியையும் உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறி இறக்கிறது. அதே நீரிலுள்ள நைட்ரஜனும் பொட்டாசியமும் புல்லுக்கு உணவாகின்றன. ஆகவே குற்றம் பொருளில் இல்லை. அது சேர்ந்த இடத்திலும் சேர்ந்த அளவிலும் உள்ளது.

பின்னாளில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுப் பல தோட்டங்களில் செம்பனை எழுந்தது. லயங்கள் வெறுமையாயின, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களை நாடினர். கழிவோ குறையவில்லை, பெருகிற்று. செம்பனை ஆலையில் 100 டன் பழக்குலையை அவித்துப் பிழிந்தால் ஏறத்தாழ 20 டன் எண்ணெய் கிடைக்கும். உடன் 22 டன் அளவுக்கு வெறுங்குலையும், 60 டன்னுக்கு மேல் கழிவுநீரும் வரும். இந்நீர் ஆலையை விட்டு வெளிவரும்போது 80 பாகை வெப்பத்தில், பழுப்பு நிறத்தில், புளிப்புத் தன்மையோடு இருக்கும். இதிலுள்ள அழுக்கைச் சிதைக்க லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் உயிர்வளி வேண்டும். அதே ஒரு லிட்டரில் 2,270 மில்லிகிராம் பொட்டாசியமும் 750 மில்லிகிராம் நைட்ரஜனும் இருக்கின்றன.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டன. ஆற்றில் விடப்படும் நீரின் உயிர்வளித் தேவை 1978இல் 5,000 மில்லிகிராம் என வரம்பிடப்பட்டது. படிப்படியாக இறுக்கப்பட்டு 1984இல் 100 ஆயிற்று. நிலத்தில் பாய்ச்சுவதற்கு 5,000 என்னும் வரம்பு வைக்கப்பட்டது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய வேலையை முடிக்கும் என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

நடுவில் நிகழும் பணியை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கழிவுநீர் முதலில் குளங்களில் ஆறவைக்கப்படுகிறது. பின் காற்றுப் புகாத ஆழ்குளங்களில் பல வாரங்கள் தங்குகிறது. அங்கு நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைத்து மீத்தேனாக வெளியேற்றுகின்றன. பயிருக்குரிய சத்துகளில் பெரும்பகுதி நீரிலேயே நிற்கிறது. தெளிந்த நீர் செம்பனை வரிசைகளுக்கு இடையே வெட்டப்பட்ட பாத்திகளில் பாய்கிறது. திறந்த குளத்திலிருந்து எழும் மீத்தேன், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்க வல்லது. அதனால் தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராட்டா போன்ற இடங்களில் அதைப் பிடித்து எரிபொருளாக்குகின்றனர்.

வெறுங்குலையும் அவ்வாறே. முன்பு அதை எரித்துச் சாம்பலை மட்டும் உரமாக இட்டனர். இன்று அதனை மரத்தடியில் பரப்புகின்றனர். ஒரு டன் வெறுங்குலையில் 7 கிலோ யூரியாவுக்கும் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் ஈடான சத்து அடங்கியுள்ளது. ஆனால் குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். ஓரடுக்காகவே பரப்ப வேண்டும். அதைத் துணித்து, கழிவுநீர் தெளித்து, அடிக்கடி புரட்டி மக்கவைத்தால் காய்கறிக்கும் ஏற்ற எருவாகும். ஈயம் எடுத்தபின் கிந்தாப் பள்ளத்தாக்கில் எஞ்சிய மணல் நிலம் நீரையும் சத்தையும் பிடித்துவைப்பதில்லை. அத்தகைய மண்ணுக்கு வேதியுரம் மட்டும் போதாது. மக்கிய எருவே அதற்குப் பிடிமானம் தரும்.

இனி எச்சரிக்கை. முதிராத கழிவை எரு என்று பெயர் மாற்றி வயலில் கொட்டுவோர் எக்காலத்தும் உண்டு. அளவு மீறிப் பாய்ச்சினாலும், பெருமழையில் பாய்ச்சினாலும் அது வழிந்து ஆற்றையே சேரும். மேட்டில் இருப்பவனுக்கு மிச்சமான உரச்செலவு, கீழே இருப்பவனின் குடிநீரில் கழிக்கப்படலாகாது.

உழவு அதிகாரத்தில் வள்ளுவர் உழுதலைவிட எருவிடுதலை உயர்த்திப் பேசுகிறார். அங்கேயே நில்லாமல், நீர் பாய்ச்சுதலைவிடவும் காத்தல் சிறந்தது என்கிறார். அவர் கருதியது பயிர்க் காவல். ஆலை எருவைப் பொறுத்தவரை ஆற்றைக் காப்பதும் அக்காவலில் அடங்கும் என்று நாம் கொள்வோம்.

ஆசிரியப் பெருமக்களே, அறிவியல் பாடத்தில் இதனைத் தமிழிலேயே கற்பியுங்கள். அருகிலுள்ள ஓடையின் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து மாணவரிடம் காட்டுங்கள். கரையில் புல் ஏன் செழித்தது, நீரில் மீன் ஏன் இறந்தது என்று அவர்கள் கேட்கட்டும். நாம் சிறுவயதில் கேட்கத் தவறிய வினா அது.