பாடும் பறவையும் மரப்பொந்தும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய இலக்கிய அரங்கில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் ஒரே வகுப்பில் படித்த ஆறு பேர். இன்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூடி, வாசித்த நூலொன்றைப் பற்றிக் கதைப்பது எங்கள் வழக்கம். இவ்வருடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஹார்ப்பர் லீ எழுதிய 'ரு கில் எ மொக்கிங்பேர்ட்' என்ற நாவல். இவ்வுரையை ஆறு பேரும் சேர்ந்தே எழுதினோம். வாசிப்பவர் ஒருவரானாலும் பேசுவது நாங்கள் எல்லோருமே.

ஹார்ப்பர் லீ 1926 இல் அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், மொன்றோவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1960 இல் வெளிவந்த இந்நாவல் மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. கதை 1930களின் பொருளாதார மந்த காலத்தில், மேக்கம் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. தொடக்கத்தில் ஆறு வயதும் நிரம்பாத ஸ்கவுட் என்ற சிறுமி, நான்கு வயது மூத்த அண்ணன் ஜெம், சட்டத்தரணியான தந்தை அற்றிக்கஸ் ஆகியோர் ஒரு வீட்டார். ரொம் றொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேயெல்லா என்ற வெள்ளையினப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தப்படுகிறார். அவருக்காக அற்றிக்கஸ் வாதாடுகிறார். இதே அலபாமாவில் 1931 இல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இத்தகைய குற்றம் சுமத்தப்பட்டு நடந்த ஸ்கொட்ஸ்பரோ வழக்குகளை அறிந்தவர்களுக்கு இக்கதை வெறும் கற்பனையாகத் தெரியாது.

நாவலின் பெயரில் உள்ள பறவை எங்கள் ஊரில் இல்லை. பிற பறவைகளின் குரல்களைத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் சாம்பல் நிறக் குருவி அது. பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தபோது, இந்தப் பறவையைக் கொல்வது பாவம் என்கிறார் தந்தை. பயிரை அழிக்காமல் பாட மட்டும் செய்யும் உயிர் அது என்று விளக்கம் தருகிறார் அயல்வீட்டு மோடி அம்மையார். நாவலில் அந்தப் பறவையின் இடத்தில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் ரொம். மற்றவர் வீட்டைவிட்டு வெளியே வராத பூ றாட்லி.

பூவைப் பிள்ளைகள் பேயென்று நம்புகிறார்கள். அவரைப் போல நடித்து விளையாடுகிறார்கள். அவரோ தன் வீட்டோரத்து ஓக் மரப்பொந்தில் அவர்களுக்காகச் சிறு பொருட்களை வைக்கிறார். சுயிங்கம், பழைய நாணயங்கள், சவர்க்காரத்தில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஓடாத கடிகாரம் ஒன்று. ஒருநாள் அவருடைய அண்ணன் அந்தப் பொந்தைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறார். ஜெம் யாருக்கும் தெரியாமல் அழுகிறான். எங்களைக் கேட்டால், நாவலின் பெயரில் வரும் பறவையைவிட இந்த மரப்பொந்தே பெரிய குறியீடு. பேசத் தெரியாத ஒருவரின் அன்பு வெளியே வருவதற்கு இருந்த ஒரேயொரு வழி அது.

இங்கே நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வெகுளித்தனமும் இரக்கமும் ஒன்றல்ல. பூவைக் கேலிசெய்தபோதும் ஸ்கவுட்டும் ஜெம்மும் வெகுளிகள்தான். அறியாத பிள்ளைகளின் விளையாட்டும் ஒருவரைச் சுடும். இரக்கம் அறிந்தபின் வருவது. ஒருநாள் இரவு அயல்வீடு தீப்பற்றி எரிய, குளிரில் நின்ற ஸ்கவுட்டின் தோள்மீது யாரோ ஒரு போர்வையைப் போட்டுவிடுகிறார்கள். போட்டவர் பூ என்பது பிறகுதான் தெரிகிறது. தீர்ப்பின் பின் ஒரு நாள், சுருண்டு கிடக்கும் சிறு பூச்சியை நசுக்கப்போன ஸ்கவுட்டை ஜெம் தடுக்கிறான். வளர்தல் என்பதை நாவலாசிரியர் இவ்வளவு சின்ன அசைவில் காட்டுகிறார்.

ரொம்முக்கு நேர்ந்தது இதைவிடக் கடுமையானது. அவருடைய இடது கை சிறுவயதிலேயே பஞ்சு இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. மேயெல்லாவின் முகத்தில் காயம் வலப்பக்கம் இருந்தது. இடது கைப் பழக்கமுள்ள அவளுடைய தந்தையே அடித்திருக்கக்கூடும் என்பது மன்றில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. ஆனாலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. தனியே கஷ்டப்பட்ட அந்தப் பெண்மீது இரக்கப்பட்டே உதவினேன் என்று ரொம் வாய்திறந்து சொன்னதுதான் அவருக்கு எதிராகப் போனது. ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையினப் பெண்ணுக்காக இரங்குவதை அந்தச் சமூகத்தால் பொறுக்க முடியவில்லை. இரங்குவதற்கும் தகுதி வேண்டும் என்று நினைத்த ஊர் அது.

நாவலில் எங்களுக்குக் குறையாகப் பட்டதையும் சொல்லவேண்டும். ரொம்மையும், பிள்ளைகளை வளர்த்த கல்பேர்னியாவையும் ஒரு வெள்ளையினச் சிறுமியின் கண்ணால்தான் காண்கிறோம். ரொம் வீட்டில் எப்படிச் சிரித்தார், எதற்குக் கோபித்தார் என்பது எமக்குத் தெரியவராது. பறவை என்ற உருவகத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பாடிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தால்தான் ஒருவருக்கு நீதி கிடைக்க வேண்டுமா? கோபக்காரரான ரொம் என்றால் அந்தத் தண்டனை சரியாகிவிடுமா? 'பாவம், அப்பாவி' என்று சொல்லி முடித்துவிடுவது எங்களுக்குச் சுலபம். செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்வதுதான் கடினம்.

இதைக் கதைத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தொலைபேசியில் நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை. ஆறு பேருக்கும் ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் தரம் ஒன்பதில் இருந்தபோது வகுப்பறைகளைக் கூட்டித் துப்புரவாக்கும் அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் யன்னல் கட்டில் சில நாட்களில் நெல்லிக்காயோ ஜம்புப்பழமோ இருக்கும். வைத்தவர் யாரென்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. விளையாட்டுப் போட்டிக்காகச் சேர்த்த காசு ஒருநாள் காணாமற் போனது. அறைக்குள் போய்வந்தவர் அவர் என்பதால் அவரைக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. இரண்டு நாட்களின் பின் அந்தக் கடித உறை, அலுமாரியில் இருந்த பழைய இடாப்புக்குள் கிடந்தது. அதை அங்கே வைத்து மறந்தவள் எங்களுள் ஒருத்தி. பார்த்திருந்தவர்கள் மற்றவர்கள்.

மூலையில் கிடந்தது என்று சொல்லிக் காசைக் கொடுத்தோம். அவர்தான் பயத்தில் திருப்பி வைத்துவிட்டார் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை. அடி விழும் என்ற பயம். வகுப்பின் பெயர் கெடும் என்ற கவலை. சீமெந்து குழைத்து அந்தப் பொந்தை அடைத்தவர்கள் நாங்கள்தான்.

நாவலின் முடிவில், தன்னையும் அண்ணனையும் காப்பாற்றிய பூவைக் கைபிடித்து வீட்டில் விட்டபின், ஸ்கவுட் அவருடைய முன்விறாந்தையில் நின்று தன் தெருவைப் பார்க்கிறாள். அவர் கண்ணால் பார்த்தால் அந்தத் தெரு எப்படித் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிகிறது. நாங்களும் அப்படி ஒரு வாசலில் போய் நின்றோம். எங்களில் மூவர் சென்ற மாதம் அந்த அக்காவின் வீட்டைத் தேடிப் போனோம். அவர் காலமாகிவிட்டார். மகள் இருக்கிறார். தேநீர் தந்தார். நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களைத் திட்டவுமில்லை, மன்னித்ததாகச் சொல்லவுமில்லை. நூற்றாண்டு மலரில் அம்மாவின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டோம்.

"பேரைப் போட வேண்டாம். அம்மா எடுக்கேல்லை எண்டு மட்டும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ" என்றார்.

ஆகவே, இந்தச் சபையின் முன் சொல்கிறோம்: அந்த அக்கா காசை எடுக்கவில்லை. அது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று வெள்ளைச் சீருடையில் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, இந்நாவலை வாசியுங்கள். குறியீடுகளைப் பரீட்சைக்காக எழுதத்தான் வேண்டும், எழுதுங்கள். ஆனால் உங்கள் யன்னல் கட்டில் யாராவது எதையாவது வைத்திருந்தால், வைத்தவரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவர்மீது வீண்பழி வரும் நாளில், தெரிந்ததை அன்றைக்கே சொல்லுங்கள். எங்களைப் போல இத்தனை வருடம் எடுக்காதீர்கள்.