மேசை ரம்பத்துக்கு மாற்றுத் தகடு

(தோட்டத் தச்சுப் பட்டறை இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்னாளில் விறகாக எரித்தோம். இன்று அதே மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் உருப்பெற்றுக் கடல் கடந்து செல்கின்றது. உங்கள் பட்டறையிலும் அம்மரத்தை அறுக்கும் மேசை ரம்பம் ஒன்று இருக்கின்றது. அதன் தகடு மழுங்கிவிட்டதாகச் சென்ற வாரம் ஒரு தம்பி கூறினார். "பத்து அங்குலத் தகடு ஒன்று வாங்கி வந்தால் போதும்தானே, ஐயா?" என்றும் கேட்டார். போதாது. அதனை விளக்கவே வந்துள்ளேன்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், பள்ளிப் பட்டறைக்குத் தகடு வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நானும் பத்து அங்குலம் என்பதை மட்டும் பார்த்து, விலை மலிவான மெல்லிய தகடு ஒன்றை வாங்கினேன். ரம்பத் தகட்டுக்குப் பின்னால், அறுத்த தடத்துக்குள் நுழைந்து நிற்கும் பிளவுக் கத்தி ஒன்று உண்டல்லவா? எங்கள் இயந்திரத்தில் அதன் கனம் 2.5 மில்லிமீட்டர். புதிய தகடு அறுத்த தடமோ 2.2 மில்லிமீட்டர். பலகை பாதி வழியில் முட்டி நின்றது. தகட்டை மாற்றுவதை விட்டு, கத்தியைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். மூன்று நாள் வேலை நன்றாகவே நடந்தது. நான்காம் நாள், நீளவாக்கில் அறுபட்ட பலகையின் இரு பாதிகளும் நெருங்கித் தகட்டை இறுகப் பற்றின. பலகை அம்புபோல் பின்னோக்கிப் பாய்ந்து, பின்னால் நின்ற பட்டறைப் பணியாளரின் வயிற்றில் தாக்கியது. அவர் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார். கழற்றச் சொன்னவன் நான்.

ரப்பர் மரத்தினுள் இறுக்கம் மிகுதி. அறுக்கும்பொழுதே பலகை வளைந்து தடத்தை மூடப் பார்க்கும். அதைத் தடுப்பதற்கே அந்தக் கத்தி. ஆகவே கடையில் தகட்டை எடுத்தவுடன் இரண்டு எண்களைப் பாருங்கள்: ஒன்று வெட்டுத் தடத்தின் அகலம், மற்றொன்று தகட்டு உடலின் கனம். கத்தியின் கனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது நடுத்துளை. 30 மில்லிமீட்டர், 25.4 மில்லிமீட்டர், 15.88 மில்லிமீட்டர் என மூன்றும் சந்தையில் கிடைக்கின்றன. உங்கள் சுழல்தண்டை அளந்து, குறித்துக்கொண்டு செல்லுங்கள். துளை பெரிதானால் தகர டப்பாவை வெட்டிச் சுற்றிச் சரிக்கட்டும் வழக்கத்தை நான் கண்டிருக்கின்றேன். அது கூடவே கூடாது. தகட்டில் பொறித்துள்ள உச்சச் சுழற்சி வேகம் இயந்திரத்தின் வேகத்தை விடக் குறைந்திருக்கக் கூடாது. பத்து அங்குலத் தகடு நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்பொழுது அதன் பல் முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றது. நெடுஞ்சாலையில் நமக்கு அனுமதித்த வேகம் 110!

பற்களின் எண்ணிக்கை வேலையைப் பொறுத்தது. நீளவாக்கில் அறுக்க 24 பற்கள். குறுக்கே வழவழப்பாக அறுக்க 60 முதல் 80 வரை. ஒரே தகடுதான் வாங்க இயலுமெனில் 40 பற்கள் கொண்ட கார்பைடு முனைத் தகடு போதுமானது.

பொருத்திய பின்னும் தொல்லை வரலாம். பலகையின் ஓரம் கருகினால் உடனே தகட்டைக் குறை கூறாதீர்கள். பிசின் படிந்திருக்கலாம், வெந்நீரில் சவர்க்காரம் கரைத்து ஊறவைத்து, நைலான் தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்த்துங்கள். அதன் பின்னும் கருகினால், ஓரத் தடுப்பு தகட்டுக்கு இணையாக நிற்கின்றதா என்று அளந்து பாருங்கள். இரண்டும் சரியெனில் பற்கள் மழுங்கியிருக்கும். சாணை பிடிக்கக் கொடுங்கள்.

தகடு ஆடுகின்றதா? அதைப் பிடித்திருக்கும் வளையத்தட்டுகளுக்கு இடையில் ஒரு சிட்டிகை மரத்தூள் இருந்தாலே ஆடும். துடைத்த பின்னும் ஆடினால் ஒரு சோதனை செய்யலாம். தகட்டிலும் தண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டு, ஆட்டம் மிகும் இடத்தைக் கண்டுகொள்ளுங்கள். பிறகு தண்டை அசைக்காமல் தகட்டை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்துங்கள். ஆட்டம் தகட்டோடு நகர்ந்தால் தகடு வளைந்துள்ளது. தண்டின் குறியோடு தங்கினால் கோளாறு தண்டிலோ வளையத்தட்டிலோ இருக்கின்றது. புதிய தகடு வாங்குவது வீண் செலவு.

கார்பைடு முனை ஒன்று பெயர்ந்திருந்தாலும் அத்தகட்டை ஓட்டாதீர்கள்.

இனிப் பட்டறைக்குச் செல்வோம். பழைய தகட்டை நான் கழற்றிக் காட்டுகிறேன். மேசைக்கு மேல் தெரியும் பற்கள் நம்மை நோக்கி இருப்பதைக் கழற்றும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். புதியதும் அவ்வாறே அமைய வேண்டும். முன்வரிசைத் தம்பி, நீங்கள் முதலில் சென்று மின்பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையிலேயே வைத்திருங்கள்.